இந்த அக்கா எத்தனை நாள்?

“டீச்சர், இந்த அக்கா எத்தனை நாளு?”

வேனிலிருந்து புதிதாக யார் இறங்கினாலும் எங்கள் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெயர் என்ன, எந்த ஊர் என்பதெல்லாம் அப்புறம். இரண்டு வாரம் என்றால் ஒரு மாதிரி பழகுவார்கள், ஆறு மாதம் என்றால் வேறு மாதிரி. ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று ஆரம்பத்தில் நான் யோசிக்கவில்லை. நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

ஏற்காட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். வீடு சேலத்தில், அஸ்தம்பட்டி பக்கம். திங்கட்கிழமை காலை பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால் சனிக்கிழமை மத்தியானம்தான் இறங்குவேன். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது, வெளிநாட்டிலிருந்து வாலண்டியராக வரும் கல்லூரி மாணவர்களைக் கவனித்துக்கொள்வது, இரண்டும் என் பொறுப்பு. இல்லத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

வந்த மாணவர்கள் நல்லவர்கள். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் டிக்கெட் எடுத்து, தெரியாத ஊருக்கு வந்து, குளிரில் பச்சைத்தண்ணீரில் குளித்து, கொடுத்ததைச் சாப்பிட்டார்கள். அவர்கள் மனசில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர்களை வைத்து நாங்கள் செய்த ஏற்பாட்டில்தான் குறை இருந்தது.

முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி. வந்த மாணவிகளில் ஒருத்தி அவளுக்குத் தினமும் தலை சீவி விட்டாள், மடியில் உட்கார வைத்துக் கதைப்புத்தகம் காட்டினாள், தூங்கும்வரை பக்கத்தில் இருந்தாள். மூன்று வாரம். கிளம்புகிற அன்று விடியற்காலை வேன் வந்தது. பிள்ளைகள் தூங்கும்போதே போய்விடுவது நல்லது, அழ மாட்டார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். வேன் சத்தம் கேட்டு அவள் எழுந்து ஓடினாள். எங்கள் இல்லத்துப் பின்சுவர் ஓரம் நின்றால் கீழே ரோடு ஒரு இடத்தில் திரும்புவது தெரியும். அங்கே போய் நின்றாள். வேன் வெளிச்சம் அந்தத் திருப்பத்தில் மறைந்த பிறகும் உள்ளே வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் ராத்திரி படுக்கையை நனைத்தாள். அது ஆகஸ்ட் மாதம், மலையில் துணி காயாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மா (எல்லாருக்கும் அவர் பெரியம்மாதான்) அந்தப் போர்வைகளைத் துவைத்து, விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போட்டார். மூன்று நாளும் அந்த அறையில் புகை வாசனை. போன பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. தன்னால் ஒரு குழந்தை மூன்று வாரம் சந்தோஷமாக இருந்தது என்றுதான் அவள் ஊரில் சொல்லியிருப்பாள். பொய்யும் இல்லை. அடுத்த வருடம் வேறொரு அக்கா வந்தபோது இந்தப் பிள்ளைதான் முதல் ஆளாக என்னிடம் எத்தனை நாள் என்று கேட்டாள்.

இரண்டாவது, மூன்றாவது வருடங்களில் வேறு சில விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. அவர்களுக்குக் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். நமக்கு அது பள்ளிக்கூடம் நடக்கிற காலம், முதல் பருவம். ஒவ்வொரு குழுவுக்கும் வரவேற்பு நடனம் வைத்தோம். நடனப் பயிற்சி எந்த நேரத்தில் நடந்தது என்றால் என் டியூஷன் நேரத்தில். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். குழு வந்த பிறகு அவர்கள் ஆங்கிலம் சொல்லித் தருவார்கள். முந்தைய குழு என்ன சொல்லித் தந்தது என்று அவர்களுக்குத் தெரியாது, நாங்களும் எழுதி வைக்கவில்லை. ஒரு பையனின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் பெயர் இது, எனக்கு இந்த நிறம் பிடிக்கும், எனக்கு இந்தப் பழம் பிடிக்கும். அதே பாடம் ஐந்து தடவை, ஐந்து பேர் கையெழுத்தில் திருத்தப்பட்டு. ஐந்தாவது தடவை அவன் பிடித்த பழம் என்று எழுதாமல் கோடு மட்டும் போட்டிருந்தான்.

சாப்பாட்டு அறைச் சுவர் இன்னொன்று. வருகிற குழுவுக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாதபோதெல்லாம் சுவரில் படம் வரையச் சொல்லுவோம். வண்ணத்துப்பூச்சி, வானவில், உலக உருண்டை. அந்தச் சுவரில் ஓதம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் பெயின்ட் தகடு தகடாக உரிந்து விழுந்தது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சள், நீலம், பச்சை, மறுபடியும் மஞ்சள், கடைசியில் பழைய சுண்ணாம்பு. அந்த ஓதத்தைச் சரிபண்ண வெளிப்பக்கம் பூச்சு வேலை செய்திருக்க வேண்டும். அதை ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு போட்டோ.

டிசம்பர் மாதம், காப்பிப் பழம் பறிக்கிற காலம். ஒரு நாள் மத்தியானம் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு அம்மா வந்தார். இடுப்பில் கட்டிய சாக்குப் பையைக்கூட அவிழ்க்கவில்லை. அவர் மகள் எங்களிடம் இருந்தாள். கணவர் இறந்துவிட்டார். லைன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் தூரம், விடிவதற்குள் இவர் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையை யார் கிளப்பி அனுப்புவது? அதனால்தான் இல்லத்தில் விட்டிருந்தார். மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பார். அன்றைக்கு அவர் கையில் பக்கத்து வீட்டுப் பையனின் செல்போன். அதில் மகளின் படம். ஆகஸ்டில் வந்துபோன மாணவர் ஒருவர் பணம் திரட்டுவதற்காகப் போட்டது. கீழே பெயர், வயது, தாய் தந்தை இல்லாத குழந்தை என்ற வரி. சேலத்தில் கல்லூரியில் படிக்கும் அந்தப் பையன்தான் படித்துச் சொல்லியிருக்கிறான்.

“நான் உசுரோட இருக்கேன் டீச்சர். எம்புள்ளைய அனாதைன்னு போட்டிருக்காங்க.”

வேறெதுவும் அவர் சொல்லவில்லை. அந்த மாணவருக்கு எழுதினேன். பதறிப்போய் உடனே எடுத்துவிட்டார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. இல்லம் என்றால் அநாதைப் பிள்ளைகள் என்று அவராக நினைத்துக்கொண்டார். பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: “அவங்களுக்குத் தெரியாது, சரி. தெரிஞ்ச நாம ஏம்மா சொல்லலை?”

எங்கள் இல்லத்தில் அப்போது 28 பிள்ளைகள். தாய், தந்தை இருவருமே இல்லாதவர்கள் மூன்று பேர். மற்ற எல்லாருக்கும் யாரோ ஒருவர் இருந்தார். உலகம் முழுக்கவே இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று குழந்தைகளுக்காக வேலை செய்யும் அமைப்புகள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. வறுமை, குடி, தூரம், நோய். பிள்ளையை இங்கே கொண்டுவந்து விட்டது அதுதான்.

படம் போட்டது சட்டப்படியும் குற்றம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 74-ஆவது பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பத்திரிகைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவர்களும் யோசிக்க வேண்டிய சட்டம் இது.

அந்த டிசம்பருக்குப் பிறகு நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசினோம். சுலபமாக நடக்கவில்லை. வாலண்டியர்கள் வந்தால் வரும்படியும் உண்டு என்று சிலர் தயங்கினார்கள். உண்மையில் அவர்கள் தங்கள் நாட்டு ஏஜென்சிக்குக் கட்டிய பணத்தில் எங்களுக்கு வந்தது சிறு பங்குதான். அதற்காகப் பிள்ளைகளின் ஜூலை, ஆகஸ்டைக் கொடுக்க முடியாது என்று பெரியம்மா சொன்ன பிறகு பேச்சு அடங்கியது. எட்டாவதுக்கு மேல் படிக்காதவர் அவர். அந்த அறையில் பிள்ளைகளோடு ராத்திரி படுத்துத் தூங்குகிற ஒரே ஆளும் அவர்தான்.

முடிவு இதுதான்: வந்து போகிறவர்கள் இங்கேயே இருக்கிறவர்களுக்கு உதவ வேண்டும். தலை சீவுவது, சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் பெரியம்மா கையில்தான். அவருக்கு நேரம் மிச்சமாகிற மாதிரி என்ன வேலை உண்டோ அதை மாணவர்கள் செய்யட்டும்.

இப்படிச் சொன்னதும் பல மாணவர்களுக்கு ஏமாற்றம்தான். “பிள்ளைகளோடு இருக்கத்தானே வந்தோம்?” என்று கேட்டார்கள். அந்த விடியற்காலையையும் அடுப்பு மேலே காய்ந்த போர்வைகளையும் சொல்லுவேன். கேட்டுவிட்டு வேலையை மாற்றிக்கொள்ள மறுத்தவர் ஒருவர்கூட இல்லை. முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த முதல் மூன்று வருடத்தில் வந்தவர்களும் கேட்டிருப்பார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

எந்த வேலை நிலைத்து நின்றது என்று பார்த்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேலைதான். மருந்தியல் படிக்கும் ஒரு பெண் ஐந்து வாரம் இருந்தாள். மருந்து அலமாரியைக் காலி பண்ணி, காலாவதியானதை எல்லாம் பிரித்து எடுத்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. உயரம், எடை, தடுப்பூசி, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது. அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன், பெரியம்மாவுக்குப் படிக்க வர வேண்டுமே. மாதம் ஒன்றாம் தேதி எடை பார்ப்பது என்று பழக்கமானது. அவள் போய் ஆறு மாதம் கழித்து, ஒரு பையனின் அட்டையில் நான்கு மாதமாக எடை ஏறவே இல்லை என்பதைப் பெரியம்மா கவனித்தார். இருமல் பெரிதாக இல்லை, விளையாடிக்கொண்டுதான் இருந்தான். சேலம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். நம் பக்கத்தில் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்பார்களே, குழந்தைகளுக்கு வரும் அந்தக் காசநோய். ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுத் தேறினான். அந்த மருந்தியல் மாணவி அவனைத் தூக்கிக் கொஞ்சியதே கிடையாது. அவன் பெயர்கூட அவளுக்கு ஞாபகம் இருக்குமா என்று தெரியாது.

பொறியியல் படிக்கும் இரண்டு பையன்கள் சாப்பாட்டு அறையின் வெளிச்சுவரைப் பூச உள்ளூர்க் கொத்தனாருக்குக் கையாளாக நின்றார்கள். கூலி கொத்தனாருக்குப் போனது, வேலையும் ஒழுங்காக இருந்தது. அதற்கு முன்னால் வாலண்டியர்களே கட்டுகிற வேலையைச் செய்யப் போய், அவர்கள் தூங்கிய பிறகு அதை இடித்துத் திரும்பக் கட்டிய இடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆங்கிலம் சொல்லித் தருகிறவர்கள் என் வகுப்பில், என்னோடு உட்கார்ந்துதான் சொல்லித் தர வேண்டும். என்ன நடத்தினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துப் போக வேண்டும், அடுத்தவர் அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். குடும்பத்தை வரையச் சொல்லும் பாடத்தை எடுத்துவிட்டோம். அந்தப் பாடம் நடக்கும்போது பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் கையில் தனியாகப் பரிசு கொடுக்கக் கூடாது, எதுவாக இருந்தாலும் பெரியம்மாவிடம். ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது, செல்போன் ஆபீஸ் அறையில். அவர்கள் நாட்டுப் போலீஸ் சான்றிதழ் இல்லாமல் வரவே கூடாது. பிரிட்டனில் பிள்ளைகளோடு வேலை செய்ய வெளிநாடு போகிறவர்களுக்கென்றே அப்படி ஒரு சான்றிதழ் தருகிறார்கள்.

விசா விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். சுற்றுலா இ-விசாவில் சம்பளமில்லாத தொண்டு வேலை ஒரு மாதம் வரைதான். ஒரு வருடம் இருக்க வேண்டும் என்றால் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்வதற்கென்றே எம்ப்ளாய்மென்ட் விசா எடுக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் தங்க வைப்பவர்கள் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும், நாங்கள் அப்போது அதை ஃபார்ம் சி என்போம். மழையில் கரன்ட் போய், நெட் போய், அதற்காக ஏற்காடு ஒண்டிக்கடை சந்திப்பு வரை குடை பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். பணமும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத இல்லம் வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்க முடியாது, ரூபாயாகக் கொடுத்தாலும் சரி. வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுக்கலாம். குடியுரிமை மாறியவர் நம்ம ஊர்க்காரராகவே இருந்தாலும் வெளிநாட்டவர் கணக்குத்தான்.

இதை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், வருடா வருடம் மார்ச், ஏப்ரலில் எனக்கு வருகிற போன். “எங்க அக்கா பையன் அமெரிக்காவுல படிக்கிறான், லீவுக்குச் சேலம் வர்றான். ரெண்டு வாரம் உங்க ஹோம்ல சர்வீஸ் பண்ணட்டும்க்கா, காலேஜ் அப்ளிகேஷனுக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்.” எல்லாம் தெரிந்தவர்கள், நல்ல எண்ணம் உள்ளவர்கள். அவர்களிடம் நான் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். எந்த இல்லமாக இருந்தாலும் முதலில் அது இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின் கீழ் பதிவானதா என்று கேளுங்கள். பிள்ளையை இல்லத்தில் சேர்க்கலாமா என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு வந்த பிள்ளைகளா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், அவர்கள் உங்களை என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு தாளும் கேட்காமல், வாங்க, பிள்ளைங்களோட விளையாடுங்க என்று உள்ளே விடுகிற இடம் வேறு யாரையும் அப்படித்தான் விடும். அங்கே போக வேண்டாம். அங்கே நடப்பது சரியில்லை என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர்களுக்கு ஒரு தகவல்: பணத்துக்காகப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதையும் நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக அந்த நாடு தன் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி அடையாளம் கண்டிருக்கிறது. அங்கே இருந்து பிள்ளைகளை அனுப்புகிற பள்ளிகளே இப்போது யோசிக்கின்றன.

சேலத்துக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பிறந்த நாளுக்குக் கேக் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள், பிரியாணி போடுகிறீர்கள். மனசு பெரியது. ஆனால் முன்பின் தெரியாதவர்களுக்காக வரிசையில் நின்று பாடிக்கொண்டே இருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தன் பிறந்த நாள் எப்போது என்று தோன்றாதா? அரிசியாக, பருப்பாகக் கொடுங்கள், பெரியம்மா சமைத்துப் போடட்டும். வெளிநாட்டு மாணவருக்கு முடியாத ஒன்று உங்கள் பிள்ளைக்கு முடியும். ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தான். சேலத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து இரண்டு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று வருடம். பரீட்சை சமயத்தில் வர முடியாவிட்டால் முந்தின வாரமே சொல்லிவிடுவாள். அவளைப் பற்றிப் பிள்ளைகள் என்னிடம் எத்தனை நாள் என்று கேட்டதே இல்லை. அடுத்த சனிக்கிழமை என்ன பாடம் என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் காப்பி எஸ்டேட் அம்மாவின் மகள் இப்போது இல்லத்தில் இல்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், குடும்பத்தோடு வளரும் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுத்து, அலைந்து, கிடைத்தது. பாட்டி வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கம். அங்கே இருந்து படிக்கிறாள், அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறார். அந்த விண்ணப்பத்துக்கு வேண்டிய தாள்களை ஸ்கேன் செய்து வரிசைப்படுத்தித் தந்ததும் ஒரு வாலண்டியர்தான்.

என் கடைசி வருடம், அப்படிப் போன் வந்த வீடுகளில் ஒன்றிலிருந்து பதினெட்டு வயதுப் பையன் வந்தான். தமிழ் கொஞ்சம் பேசுவான், படிக்க வராது. சரியாக 21 நாள். வந்த அன்றே சாப்பாட்டு அறையில் எல்லாரையும் உட்கார வைத்து, காலண்டரில் வந்த தேதியையும் போகிற தேதியையும் வட்டம் போட்டுக் காட்டச் சொன்னேன். அவனுக்குக் கொடுத்த வேலை பெரியம்மாவுக்கு ஒத்தாசை. காய் வெட்டினான், தண்ணீர்த் தொட்டி கழுவினான், அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். பெரியம்மா அவனை “தம்பி” என்றே கூப்பிடுவார், வேலை சரியில்லை என்றால் திட்டவும் செய்வார். சாயங்காலம் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடுவான், எல்லாரோடும் சேர்ந்து, மைதானத்தில்.

கிளம்புகிற நாள் பகலில்தான் வேன் வரச் சொன்னோம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா அவனுக்கு ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தார், தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் பறித்து அவரே காயவைத்தது. அவன் கண் கலங்கியது பெரியம்மாவைப் பார்த்துத்தான். பிள்ளைகள் “போயிட்டு வாங்கண்ணா” என்றார்கள். ஒருவன் காலண்டரில் அந்த வட்டத்தை அடித்தான். வேன் கேட்டைத் தாண்டியபோது நான் பழக்கத்தில் பின்சுவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. திண்ணையில் பெரியம்மா முன்னால் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து, இரட்டைச் சடை பின்னிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.